2009 வேகன் ஆர், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. 34,000 கேட்கிறார்கள், கையில் 11,400தான் இருக்கிறது

மாவுக்காரி (செவ்வாய் இரவு)

திண்டுக்கல்லில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு நாளைக்கு 140 பாக்கெட், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. அரிசி, உளுந்து, கரண்ட், கவர், இரண்டு பேர் சம்பளம் எல்லாம் போக ஒரு பாக்கெட்டுக்கு 9 ரூபாய் நிற்கும். பெட்ரோலும் வீட்டுச் செலவும் அந்த 9 ரூபாயில்தான். அதனால் எந்தச் செலவு வந்தாலும் எத்தனை பாக்கெட் என்றுதான் எனக்குக் கணக்கு ஓடும். 34,000 என்றால் 3,700 பாக்கெட்டுக்கு மேல். நேற்று ராத்திரி இதைப் போட்டுப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

வண்டி 2009 மாடல் வேகன் ஆர், பழைய நாலு சிலிண்டர் இஞ்சின். 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐந்து வருடம் முன்பு 1,15,000 கொடுத்து வாங்கினேன். பின் சீட்டை மடக்கிவிட்டால் ஏழு டிரே உட்காரும். போன வருடம்தான் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தேன். கட்டணம் மட்டும் 5,000. அது போகப் பசுமை வரி, எஃப்.சி.க்குக் காட்ட டிங்கர் வேலை, டயர் இரண்டு. இனி ஐந்து வருடம் நிம்மதி என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை டவுன் கடைகளை முடித்துவிட்டு நத்தம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். சாணார்பட்டி தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கோபால்பட்டியில் நாலு கடை காத்திருக்கிறது, ஏழரைக்குள் போகாவிட்டால் வேறு மாவை இறக்கிவிடுவார்கள். இன்னும் நாலு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினேன். முள் சிவப்புக்குப் போனது, ஏதோ வெந்த வாசனை வந்தது, இழுவை குறைந்தது, கடை வாசலில் தானாகவே நின்றுவிட்டது. முன்னால் ஒரே ஆவி. மாவை இறக்கிவிட்டேன், அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

கட்டி இழுத்து டவுனுக்குக் கொண்டுவர 1,800. (கையில் இருக்கும் 11,400 இதைக் கொடுத்த பிறகு மிச்சம்.) வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் சபரிமலைக்கு மாலை போட்டு ஊரில் இல்லை. வேறு பட்டறையில் விட்டிருக்கிறேன். நேற்று வாட்ஸப்பில் ஒரே வரி அனுப்பினார்: "இஞ்சின் ஃபுல் வொர்க் 34,000, ஒரு வாரம் ஆகும்." போனில் கேட்டேன். ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல் மூடியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் அடைக்கும் தகடாம்) போய்விட்டது, இவ்வளவு சூடானால் ரிங், பிஸ்டன் எல்லாம் மாற்றுவது நல்லது, கையோடு கிளட்சும் மாற்றிவிடலாம் என்றார்.

தீபாவளிக்கு வேலையாட்களுக்கு போனஸ், துணி என்று எல்லாம் காலி. 50,000 ரூபாய் சீட்டு தை மாதம்தான் கைக்கு வரும். தண்டல்காரர் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, திங்கள்கிழமையே வாசலுக்கு வந்துவிட்டார். 20,000 எழுதிக்கொண்டு 17,000 கையில் தருவாராம், தினம் 200, நூறு நாள்.

34,000 நியாயமா? இல்லை, வண்டியைத் தள்ளிவிடுவதா? தண்டல் வாங்கலாமா?


பழைய ஸ்பேனர் (செவ்வாய் இரவு)

கோவையில் 30 வருடம் பட்டறை வைத்திருந்தவன். இப்போது மூடிவிட்டேன், வாய் மட்டும் மூடவில்லை.

பதில் சொல்லும் முன் சில கேள்விகள் அம்மா. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார்களா, ஆயில் என்ன நிறத்தில் இருக்கிறது? நிற்பதற்கு முன் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்ததா? ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆயில் ஊற்றும் பழக்கம் உண்டா? ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? கடைசியாக ஒன்று. கடை வாசலில் வண்டியை ஸ்டார்ட்டில் நிறுத்தி மாவு இறக்கும்போது முன்னால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்குமா?

இதற்குப் பதில் வரும்வரை பணம் எதுவும் கொடுக்காதீர்கள். தண்டலுக்கும் தலையாட்ட வேண்டாம்.


வேகப்பிரியன் (புதன் காலை)

16 வருட வண்டிக்கு 34,000 போடுவது முட்டாள்தனம். எடைக்குப் போட்டுவிட்டு புது வண்டி எடுங்கள். 2025 செப்டம்பர் 22இல் இருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, இதைவிட நல்ல நேரம் வராது. இன்சூரன்ஸில் ஏதாவது கிளெய்ம் கிடைக்குமா என்றும் பாருங்கள்.


மாவுக்காரி (புதன் மதியம்)

வேகப்பிரியன் தம்பி, எனக்கு இருப்பது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும். முழு இன்சூரன்ஸே இருந்தாலும் இடித்தால், திருடு போனால்தான் கிடைக்குமாம், இஞ்சின் சூடாகிப் போனதற்குத் தர மாட்டார்கள் என்று ஏஜென்ட் நேற்றே சொல்லிவிட்டார். புது வண்டிக்கு 5 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதரை வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 10,500 வரும். 1,166 பாக்கெட், ஒவ்வொரு மாதமும், 60 மாதம். அந்த வண்டியிலும் மாவுதானே ஏற்றப் போகிறேன், அதில் போனால் மாவு அதிக விலைக்கா போகும்?

ஸ்பேனர் ஐயா, மதியம் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். கம்பியில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. வெள்ளைப் புகை வந்தது, நான் ஆவி என்று நினைத்துவிட்டேன். ஆயில் நடுவில் ஊற்றியதே இல்லை. ரேடியேட்டருக்கு வீட்டு போர் தண்ணீர்தான், கோடையில் இருந்து குறைந்தால் ஒரு பாட்டில் ஊற்றுவேன்.

ஃபேன் பற்றிக் கேட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. முன்பெல்லாம் பேகம்பூரில் கடை வாசலில் நிறுத்தினால் சர்ரென்று ஒரு சத்தம் வரும். இரண்டு மாதமாக அது இல்லை. வண்டி முன்னைவிட அமைதியாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.


பழைய ஸ்பேனர் (புதன் இரவு)

சந்தோஷப்பட்ட ஆள் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. என் பட்டறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஃபேன் என்பது வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ரேடியேட்டருக்குக் காற்று கொடுக்க. ரோட்டில் வேகமாகப் போனால் எதிர்க்காற்றே போதும். அதனால்தான் ஃபேன் செத்தும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டீர்கள். ஆனால் நத்தம் ரோட்டில் காற்று அடிக்கும்போதே சூடு ஏறியிருக்கிறது என்றால் ஃபேன் மட்டும் காரணம் இல்லை. தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடவில்லை. போர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும். டவுனில் ஒவ்வொரு கடையிலும் நின்று நின்று கொதித்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயிருக்கும், மிச்சம் இருந்தது அடைத்த ரேடியேட்டரில் சுற்ற முடியாமல் சாணார்பட்டியில் கையை விரித்துவிட்டது.

ஹெட் அலுமினியம். அதிக சூட்டில் அது வளையும். வளைந்தால் கேஸ்கெட் இறுக்கம் போய்த் தண்ணீரும் ஆயிலும் கலக்கும். உங்கள் பால் காப்பி அதுதான். ஆக, ஹெட் கேஸ்கெட் போனது என்று அவர் சொன்னது சரி. அந்த ஆயிலோடு யாரும் இஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது, அதை இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள். பேரிங்கைத் தின்றுவிடும், அப்புறம் அவர் கேட்கும் 34,000 நியாயமாகிவிடும்.

ரிங், பிஸ்டன் விஷயத்துக்கு வருவோம். ஆயில் நடுவில் ஊற்றியதே இல்லை என்கிறீர்கள். ரிங் தேய்ந்த இஞ்சின் ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும். உங்களுடையது அப்படி இல்லை. சூட்டில் போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், கீறியிருக்கலாம், அது உண்மைதான், ஆனால் அதை ஹெட்டைக் கழற்றிய பிறகு கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கழற்றாமலே முழு இஞ்சின் வேலை என்பது வயிற்றுவலி என்று போனவருக்கு வாசலிலேயே ஆபரேஷன் தேதி கொடுப்பது போல. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு வண்டி திரும்பி வந்து நீங்கள் சண்டை போடக்கூடாது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, நானும் செய்திருக்கிறேன்.

போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, முதலில் ஹெட்டை மட்டும் கழற்றுங்கள், கழற்றின கூலியைத் தனியாகத் தந்துவிடுகிறேன். நான் வந்து பார்க்கிறேன், அப்புறம் பேசுவோம்." போனதும் நாலு சிலிண்டர் சுவரையும் டார்ச் அடித்து, விரல் வைத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற மாதிரி நெடுக்குக் கோடு இருந்தால் அவர் சொன்னது சரி. வழுவழுப்பாக இருந்தால் ஹெட் வேலையோடு நிறுத்தலாம்.

ஹெட் லேத்துக்குப் போகும். நேர்கோல் வைத்து அளப்பார்கள், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் ஃபேசிங் அடிக்க வேண்டும், அதாவது சீவிச் சமமாக்க வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள், அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு நல்ல கேஸ்கெட் போட்டும் பிரயோஜனம் இல்லை. டைமிங் பெல்ட் எப்படியும் கழன்றுதான் வரும், பழையதையே திரும்ப மாட்ட வேண்டாம். தெர்மோஸ்டாட் வால்வும் புதிது. ஃபேன் ஏன் நின்றது என்று மோட்டார், ஸ்விட்ச், ரிலே மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஹெட்டை மட்டும் சரிசெய்தால் பொங்கலுக்கு மறுபடி இங்கேயே வந்து எழுதுவீர்கள்.

கிளட்ச் வேண்டாம். வழுக்குகிறதா? இல்லை என்றால் அது இன்னொரு நாள்.

ஸ்பேரை நானே வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதில் அவருக்கு வரும் நூறு இருநூறு போனால் வேலையில் அக்கறையும் போகும், ஏதாவது ஆனால் "உங்கள் ஸ்பேர்தானே" என்பார். பில் கேளுங்கள், பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள், அது போதும். பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.தான் இருக்க வேண்டும். முன்பு 28 இருந்த ஸ்பேர்களுக்கும் இப்போது 18தான். பழைய ஸ்டிக்கர் விலையை அப்படியே வாங்குகிற கடைகள் இருக்கின்றன.

என் கணக்குக்கு, போர் நன்றாக இருந்தால் 20,000க்குள் முடியும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வெள்ளை போர்டு வண்டியில், அதாவது சொந்த உபயோக வண்டியில், தினமும் வியாபாரச் சரக்கு ஏற்றுவது, விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸில் வம்பு. இப்போது இல்லாவிட்டாலும் சீட்டுப் பணம் வந்ததும் யோசியுங்கள்.


எக்ஸ்எல் சூப்பர் (வியாழன் காலை)

எங்கள் ஊரில் லாரிக்காரர்கள் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் கொட்டுவார்கள், நின்றுவிடும். அதை முயற்சி செய்தீர்களா?

அது போகட்டும், இந்த ஒரு வாரம் மாவு எப்படிப் போகிறது? நான் தண்ணீர் கேன் போடுகிறேன். வண்டி படுத்தபோது லோடு ஆட்டோ வைத்தேன், நாளைக்கு 700 கேட்டார், மூன்று நாளில் வெறுத்துவிட்டது. பிறகு டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் இரண்டு நடை அடித்தேன். தூரக் கடைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். கடைக்காரரிடம் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள் அக்கா. சொல்லாமல் நின்றால்தான் அடுத்த ஆளைத் தேடுவார்கள்.


பழைய ஸ்பேனர் (வியாழன் காலை)

மஞ்சள் தூள் சாம்பாருக்கு. ரேடியேட்டரில் போட்டால் ஓட்டையோடு சேர்த்து மற்ற குழாய்களையும் அடைக்கும், இவர்களுக்கு ஏற்கனவே அடைத்திருக்கிறது.


கணக்குப்பிள்ளை (வியாழன் மாலை)

வண்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தண்டல் 17,000 வாங்கி 20,000 கட்டுவது. பார்ப்பதற்கு நூறு நாளுக்கு 3,000 வட்டி, பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் முதல் நாளில் இருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். நூறு நாளும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உங்கள் கையில் நிற்பது சுமார் 8,500தான். அந்த 8,500க்கு நூறு நாளில் 3,000 வட்டி. வருடக் கணக்கில் 100 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003இல் இருந்து இருக்கிறது, தண்டல்காரர் வாசலுக்கு வருவதும் இருக்கிறது. அக்கா கணக்கிலேயே சொன்னால் தினம் 200 என்பது 22 பாக்கெட் லாபம், மழை பெய்து கடை திறக்காத நாளிலும்.

மகளிர் குழுவில் இருக்கிறீர்களா? இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். குழு சேமிப்பில் இருந்து உள்கடன் கொடுப்பார்கள். பல குழுக்களில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்தான். 10,000க்கு மாதம் 100. அதற்கு அடுத்தது நகைக்கடன், அடகுக் கடையில் இல்லை, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ. தங்கம் விலை ஏறிக் கிடக்கும் நேரம் இது, அரைப் பவுன் கம்மல் வைத்தாலே உங்களுக்குத் தேவையானதைவிட அதிகம் தருவதாகச் சொல்வார்கள். வாங்காதீர்கள். தேவைப்பட்டதை மட்டும் வாங்குங்கள். 10 சதவீத வட்டி என்று வைத்தால் 10,000க்கு மூன்று மாதத்துக்கு 250. அதையே இரண்டு ரூபாய் வட்டி அடகுக் கடையில் வைத்தால் 600. கிரெடிட் கார்டு இருந்தாலும் அதில் தேய்த்துவிட்டு மினிமம் மட்டும் கட்டும் எண்ணம் வேண்டாம், மாதம் மூன்றரை சதவீதம் வரை போகும்.

முக்கியமான விஷயம். கையில் இருக்கும் 11,400 முழுவதையும் பட்டறையில் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். வண்டி தயாராகி வாசலில் நிற்கும், உளுந்து வாங்கக் காசு இருக்காது. வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, சரக்குப் பணம் கையில் இருக்கட்டும்.


மாவுக்காரி (சனி இரவு)

வெள்ளிக்கிழமை ஹெட்டைக் கழற்றினார்கள். "கழற்றின கூலி தனியாகத் தருகிறேன்" என்று சொன்னதும் மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். எங்கள் வீட்டுக்குப் பெரியவர் ஒருவர், கோயம்புத்தூரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஸ்பேனர் ஐயா மன்னிக்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு சிலிண்டரும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி இருந்தது. விரல் வைத்துத் தடவினேன், நகம் எங்கேயும் மாட்டவில்லை. அவரும் குனிந்து பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிக்கா, ரிங் வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பாக்கெட் என்று அங்கேயே மனசுக்குள் பெருக்கிக்கொண்டேன். நல்ல மனிதர்தான். வாட்ஸப்பில் ஒரே வரியில் எழுதுவதுதான் அவரிடம் பிரச்சினை.

ரேடியேட்டரைக் கவிழ்த்ததும் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். துருவும் சுண்ணாம்பும் கலந்த சேறு. கையில் எடுத்துக் கசக்கினேன், நறநறவென்று இருந்தது. இதை நானே ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

எக்ஸ்எல் தம்பி, நீங்கள் சொன்ன மாதிரியே கொழுந்தனார் வண்டியை வாங்கி டவுனுக்கு மட்டும் இரண்டு நடை போகிறேன், நாகல் நகர் ஒரு நடை, மற்றது ஒரு நடை. 90 பாக்கெட் போகிறது. நத்தம் ரோட்டுக் கடைகள் எல்லாவற்றுக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் "வண்டி ரெடியானதும் வாங்கம்மா" என்றார்கள். ஒருவர் எடுக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை அவர்களே, குழுவில் இருக்கிறேன், ஆறு வருடமாகச் சேமிப்புக் கட்டுகிறேன். இதுவரை கடன் கேட்டதில்லை, கேட்க ஏனோ கூச்சம். தலைவி வீட்டுக்குப் போனபோது அவரே, "உனக்குத் தராமல் யாருக்குத் தரப் போகிறோம், நீ கேட்கவில்லை என்றுதான் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். 10,000. ஒரு ரூபாய் வட்டி. கம்மல் காதிலேயே இருக்கிறது.


மாவுக்காரி (அடுத்த வியாழன்)

வண்டி வந்துவிட்டது. பில்லை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

கேஸ்கெட் செட் 1,900. லேத்தில் ஃபேசிங்கும் பிரஷர் டெஸ்டும் 1,200, விரிசல் இல்லை. வால்வு அரைத்து சீல் மாற்றியது 1,350. டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் 1,750. தெர்மோஸ்டாட் 450. ஃபேன் மோட்டார் 2,100, பழையது சுற்றவே இல்லை. ரேடியேட்டர் சுத்தம் செய்யப் பார்த்தார்கள், குழாயில் பாதி திறக்கவில்லை, அதனால் புதிது, 3,200. ஆயிலும் ஃபில்டரும் 1,300. முதலில் மலிவு ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு வடித்ததற்கு அவர் தனியாக வாங்கவில்லை. கூலன்ட் 600. கூலி, ஹெட்டைக் கழற்றினதும் சேர்த்து, 5,000. மொத்தம் 18,850.

2,094 பாக்கெட். வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் 3,700 இல்லை.

பாதிப் பணம் முதலில், மீதி வண்டி எடுக்கும்போது என்று பேசிக்கொண்டோம். எல்லாம் கொடுத்தது போகக் கையில் 2,550 மிச்சம், உளுந்துக் கடைக்கு அது சரியாகப் போய்விட்டது. பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். கேஸ்கெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கருகிப் போன கோடு தெரிந்தது. வழக்கமான மெக்கானிக் மாலை கழற்றியதும் காட்டலாம் என்று அதை மட்டும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

நத்தம் ரோடு போய் வந்தேன். போன் எடுக்காத கடைக்காரர் வேறு மாவு மாட்டியிருந்தார். அவர் பக்கத்துக் கடையில் எனக்கு 12 பாக்கெட் இடம் கிடைத்தது. முள் பாதிக்குக் கீழேயே நின்றது. பேகம்பூரில் வேண்டுமென்றே ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு பானெட் பக்கத்தில் நின்றேன். நாலு நிமிடம் கழித்து சர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. கடைக்காரப் பையன் என்ன அக்கா வண்டி இப்படிச் சத்தம் போடுது என்றான்.

ஒரே ஒரு சந்தேகம் ஐயா. கூலன்ட் குறைந்தால் என்ன ஊற்றுவது? ஆர்.ஓ. தண்ணீர் போதுமா?


பழைய ஸ்பேனர் (அடுத்த வியாழன்)

புது ரேடியேட்டர், புது கேஸ்கெட். குறையவே கூடாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், பட்டறைக்குப் போங்கள். அவசரத்துக்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வண்டியில் கிடக்கட்டும். இஞ்சின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் கம்பியை ஒரு தடவை உருவிப் பாருங்கள். மறுபடி முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து ஓரம் கட்டுங்கள். நாலு கிலோமீட்டர் கணக்கெல்லாம் வேண்டாம்.

அந்தச் சாக்கில் பழைய ஃபேன் மோட்டார் இருக்குமே, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அநேகமாக உள்ளே கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும். 100, 150 ரூபாயில் மாற்றினால் அவசரத்துக்கு ஒரு மாற்று மோட்டார்.


மாவுக்காரி (அடுத்த வியாழன் இரவு)

சாயங்காலமே போட்டுவிட்டேன் ஐயா. சாக்கோடு 63 ரூபாய். சரியாக ஏழு பாக்கெட்.